எங்கிருந்தோ வந்த பணம்!

பொதுத் தொண்டு என்று கிளம்பியவர் ஆறே மாதத்தில் அலுத்துச் சலித்து வீட்டோடு முடங்கிவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொள்கையில் பற்றுக் குறைந்துவிட்டது என்று பேசிக்கொள்வோம். பெரும்பாலும் சங்கதி அதுவல்ல. வேளைக்குச் சோறு இல்லை, தூக்கம் இல்லை, "நீ சற்று உட்கார், நான் போய் வருகிறேன்" என்று சொல்ல ஆளும் இல்லை!

அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள், வெள்ளையருக்கு இடம் விட்டு எழ வேண்டும் என்ற விதியை எதிர்த்து, 1955 டிசம்பர் 5 முதல் பஸ் ஏற மறுத்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 381 நாட்கள்! தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கே 1956 ஜனவரியில் ஒரு நள்ளிரவு, மிரட்டல் டெலிபோனால் மனம் ஒடிந்து, சமையலறையில் காப்பியை முன்னே வைத்துக்கொண்டு, விலகிவிடலாமா என்று யோசித்தவர்தாம். பின் எப்படித் தாக்குப் பிடித்தார்கள்?

இன்னொரு சமையலறைக்குப் போவோம். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்கார அம்மாள், தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுவலும் கேக்கும் விற்றார். பணம் கார்களுக்குப் பெட்ரோலாயிற்று. நடந்து கால் ஓய்ந்தவர்கள் ஏறிப் போனார்கள். சமைத்தவர் பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். ஆகவே பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "எங்கிருந்துமில்லை" என்று பதில். சங்கத்தின் பெயரும் அதுவே! பொல்லாத குறும்பு!

அந்த அம்மாளுக்கே வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்துப் போட்டார். கிங்கும் தோழர்களும் அங்கே வந்து வயிறாரச் சாப்பிட்டு இளைப்பாறினார்கள்.

1990 மார்ச்சில், வாக்குரிமை ஊர்வலத்தின் 25-ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தவர், உடல் நலம் குன்றி இறந்துபோனார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவர் சமைத்ததையே பரிமாறினார்கள்.