செவுளுக்குள் ஓர் உட்கரு

சென்னை லூப் ரோட்டோரம் விரித்திருந்த மீன் கடைகளுக்கு 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் நவீன அங்காடி திறந்தார்கள். இடம் மாறினாலும் வியாபாரம் பழையபடிதான். சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டால், மீன் விற்கும் அக்கா விலையைச் சொல்வதற்கு முன் செவுள் மூடியைத் தூக்கிக் காட்டுகிறார். “நீயே பாரு சார், ரத்தமா இருக்குது.”

செவுளின் தோல் மிக மெல்லியது. அதற்கு அடியிலேயே ரத்தம் ஓடுவதால்தான் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை மீனால் எடுத்துக்கொள்ள முடிகிறது. மீன் செத்து நேரம் ஆக ஆக, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினின் இரும்பு வேதிமாற்றம் அடைந்து, செவுள் பழுப்பேறுகிறது. மயிலாப்பூரிலிருந்து பையோடு வருகிறவர்கள் செவுளைப் பார்த்து மீனை எடைபோடுவது நல்ல உயிர்வேதியியல்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கிருந்து ஒரு சொட்டு ரத்தம் கொண்டுபோனால் போதும், பாடப்புத்தகத்தின் செல் படம் உயிர் பெற்றுவிடும். 100 மில்லி தண்ணீரில் ஒரு கிராம் அளவு உப்பைக் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, புதுமீனின் செவுளைத் தொட்ட குச்சியை அதில் கலக்க வேண்டும். பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கினால் நீள்வட்டச் செல்கள் தெரியும். மெத்திலீன் நீலம் ஒரு துளி சேர்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி எடுப்பாகத் தெரியும். அதுதான் உட்கரு.

நம் ரத்தத்தில் இதைத் தேடினால் ஏமாற்றம்தான். பாலூட்டிகளின் சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பழுதுபார்க்கக் கட்டளை கொடுக்க ஆள் இல்லாத அந்தச் செல், நம் உடலில் ஏறக்குறைய 120 நாள் ஓடியாடிவிட்டு அழிகிறது. மனித ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுக்கிறவர்கள் வெள்ளையணுக்களை நம்பியிருப்பதும் இதனால்தான். மீன், தவளை, கோழி எல்லாவற்றின் சிவப்பணுவிலும் உட்கரு உண்டு.

உட்கருவை மனிதன் முதலில் கண்டதே மீன் ரத்தத்தில்தான் என்று சொல்லலாம். டச்சுத் துணி வணிகர் லீவன்ஹூக், தானே தேய்த்த வில்லைகளை வைத்து 1700 வாக்கில் சால்மன் மீனின் ரத்தத்தைப் பார்த்து, செல்லின் நடுவே ஏதோ இருப்பதைக் குறித்தார். 1831-இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடியின் செல்களில் அதைக் கண்டு பெயர் வைக்கும்வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது பெயரில்லாமலே கிடந்தது. பாடப்புத்தகங்கள் பிரவுனை மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்குக் குறையாகவே படுகிறது.

பிள்ளைகள் இன்னொரு தகட்டில் உப்பில்லாத தண்ணீரை விட்டு அதே ரத்தத்தைக் கலக்கட்டும். செல்லுக்குள் உப்பு அதிகம், வெளியே இல்லை. தண்ணீர் செல் சவ்வைக் கடந்து உள்ளே பாய, செல்கள் உப்பி வெடிக்கும். கலங்கலாக இருந்த சொட்டு தெளிந்த சிவப்பாகும். சவ்வூடு பரவல் என்று மனப்பாடம் செய்தது கண்முன் நடக்கும்.

இதையே திருப்பிப் போட்டால் கருவாடு. விற்காத மீனைக் கீறி உப்பைத் திணித்ததும், தண்ணீர் செல்லைவிட்டு வெளியேறிச் சொட்டுகிறது. அழுகவைக்க வரும் பாக்டீரியாவும் ஒரு செல்தானே, அதன் தண்ணீரும் போய்விடுகிறது. செல் சவ்வு என்ற சொல்லே பிறக்காத காலத்திலும் கரையோரப் பெண்கள் உப்பின் அளவைக் கையாலேயே அறிந்திருந்தார்கள்.

போகிற போக்கில் சூரை மீனையும் ஒருமுறை வெட்டச் சொல்லிப் பார்க்கலாம். உடலின் பக்கவாட்டில் கறுஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். ஓயாமல் நீந்துவதற்கான தசை அது. செல்களில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக் கிடக்கும், ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் நிறம் கொடுக்கும். பக்கத்துப் பலகையில் கிடக்கும் கொடுவாயின் சதை வெள்ளை. அது பதுங்கியிருந்து, இரை வந்ததும் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிற மீன்.