கொல்லைப்புறம் – 17: ஹாப்ஸுக்கு ஒரு மேட்டுப்பாத்தி

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வில்லமெட் பள்ளத்தாக்கில், அக்டோபரில் பிடிக்கிற மழை மே மாதம் வரை லேசில் விடாது. அடித்துப் பெய்வது குறைவு. நசநசவென்று நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். கொல்லைப்புறத்துக் களிமண் குடிக்கிற மட்டும் குடித்துவிட்டு மீதியை அப்படியே தேக்கி வைத்துக்கொள்ளும். ஜனவரியில் ஒரு முழம் தோண்டிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குழியில் தண்ணீர் நிற்கும். ஜூலையில் எல்லாம் தலைகீழ். வாரக்கணக்கில் மேகமே இருக்காது. அதே களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்.

இந்த மண்ணில் வீட்டுக்கு வீடு ஹாப்ஸ் கொடி வளர்க்க ஆசைப்படுகிறார்கள். வீட்டிலேயே பீர் காய்ச்சுவது அந்த ஊரில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. மதுவிலக்கு 1933-இல் நீங்கியபோதும் வீட்டு பீருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கக் கூடாது. காய்ச்சத் தொடங்கியவர்களுக்கு அடுத்து வந்த ஆசை, அதில் போடும் ஹாப்ஸையும் தாமே விளைவிக்க வேண்டும் என்பது.

பீர் குடிப்பவர்களிலும் பலர் ஹாப்ஸைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி இது. கஞ்சாவின் போதை இதில் கிடையாது. ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. பீருக்கு வேண்டியது பெண் கொடியின் பூங்கூம்பு மட்டுமே. கட்டைவிரல் முனையளவுதான் இருக்கும். மெல்லிய பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நகத்தால் நடுவில் கிள்ளிப் பிளந்தால் ஒவ்வொரு செதிலின் அடியிலும் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும். ரகத்தைப் பொறுத்து எலுமிச்சைத் தோலும் பைன் பிசினும் ஈரப் புல்லும் கலந்த வாசனை அடிக்கும். கையைக் கழுவினாலும் சட்டென்று போகாது. லுப்புலின் என்கிற இந்தப் பொடிக்காகத்தான் இத்தனை பாடும்.

லுப்புலினில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள், முளைகட்டிய பார்லியின் சாற்றோடு சேர்ந்து கொதிக்கும்போது உருமாறிக் கசப்பாகின்றன. அந்தக் கசப்பு, பீரைப் புளிக்கவைத்துக் கெடுக்கும் சில பாக்டீரியாக்களை அடக்கி வைக்கிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பிரான்ஸின் கோர்பி மடத்துக்கு மடாதிபதி அடல்ஹார்ட் 822-இல் எழுதிவைத்த விதிகளிலேயே ஹாப்ஸ் இடம்பெற்றுவிட்டது.

வாசகர்கள் கேட்கப்போகும் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் வளருமா? அங்கே குளிர் உண்டு, மண்ணும் நல்ல மண். இல்லாதது பகல். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 35 முதல் 55 பாகை வரை உள்ள நாடுகள்தான் ஹாப்ஸின் சொந்த ஊர். வில்லமெட்டில் ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணி நேரம் நீளும். அந்த நெடும்பகலில் கொடி உயர்ந்துகொண்டே போய், பகல் சுருங்கத் தொடங்கியதும் பூக்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பகல் பதின்மூன்றரை மணி நேரத்தைத் தொடுவதில்லை. கொடி முழங்கால் உயரத்திலேயே பூக்கப் பார்க்கும். இந்தியாவில் ஹாப்ஸ் பயிரான ஓர் இடம் வடக்கே இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு. அதோடு, உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது நம் மாநிலத்தில் குற்றம். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.

ஓரிகனுக்குத் திரும்புவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே அதிக ஹாப்ஸ் விளைந்தது அங்கேதான். இண்டிபெண்டன்ஸ் என்ற சிற்றூர் தன்னை உலகின் ஹாப்ஸ் தலைநகர் என்றே அழைத்துக்கொண்டது. 1930-ஐ ஒட்டி அடிச்சாம்பல் நோய் வந்து இறங்கியது. ஈரமான வசந்தம் அதற்கு வாட்டமாக இருந்தது. 1940-களில் மலைத்தொடருக்குக் கிழக்கே, மழை குறைந்த வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கு முன்னுக்குப் போய்விட்டது. இன்றுவரை முதலிடம் அதற்குத்தான். இந்த நோயின் கொடுமை, அது குளிர்காலத்தைத் தூருக்குள் ஒளிந்திருந்தே கழிப்பது. மார்ச்சில் துளிர்க்கும்போது சில தளிர்கள் வெளிறி, குட்டையாகி, இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு வரும். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் அடியோடு கிள்ளி எறிய வேண்டும்.

தூர் என்றேனே, அதைத்தான் இந்த வாரம் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஹாப்ஸைப் பார்ப்பவர்கள் அதன் உயரத்தில் மயங்கிவிடுகிறார்கள். மயங்க வேண்டியதுதான், நல்ல ஜூன் மாதத்தில் ஒரே நாளில் ஓர் அடி வரை வளரும் கொடி அது. ஆனால் அந்தக் கொடிக்கு ஆயுள் ஒரு கோடை. உறைபனி விழுந்ததும் கருகிவிடும். மண்ணுக்குள் கிடக்கும் தூர் இருபது ஆண்டுகள், பராமரித்தால் அதற்கு மேலும் உயிரோடு இருக்கும். அதன் வேர் பத்தடிக்கும் கீழே இறங்கக்கூடியது. ஆறு மாதம் தண்ணீரில் ஊறினால் அழுகுவதும் அந்தத் தூர்தான். மேட்டுப்பாத்தி கட்டுவது முழுக்க முழுக்க அதற்காக.

இது புதிய யோசனை இல்லை. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட், ஹாப்ஸ் தோட்டம் போடுவது பற்றி 1574-இல் ஒரு கையேடு வெளியிட்டார். ஆங்கிலத்தில் இந்தப் பயிருக்கென்று வந்த முதல் நடைமுறை நூல் அது. மண்ணைக் குவித்து மேடு கட்டி, மேட்டில் கழி நட்டுக் கொடி ஏற்றும் முறையைப் படங்களோடு விளக்கினார். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் படத்தைப் பார்த்தே செய்துகொள்ளலாம். பத்து ஆண்டுகள் கழித்து, சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களை வதைப்பதை எதிர்த்து ஒரு பெரிய நூல் எழுதியவரும் இவரே. மண்ணையும் மனிதரையும் நேருக்கு நேர் பார்த்து எழுதிய மனிதர். அவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஸ்காட் குவித்த மேட்டைச் சுற்றிப் பலகை அடைத்தால் இன்றைய மேட்டுப்பாத்தி வந்துவிடும். ஒரே ரகத்தில் இரண்டு தூர் வைக்க எட்டடி நீளம், நாலடி அகலம் போதும். உயரம் ஓர் அடி முதல் ஒன்றரை அடி. அந்தப் பக்கத்தில் கிடைக்கும் செந்நிற சீடர் மரம் ஈரத்தில் சீக்கிரம் மக்காது. இரண்டங்குலக் கனமுள்ள பலகையாக வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை வாங்கி வைக்கிறார்கள். அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் மண்ணில் இறங்கும். உண்ணவோ குடிக்கவோ போகும் பயிருக்குப் பக்கத்தில் அது கூடவே கூடாது. ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய பழைய மரமும் அப்படித்தான். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை 2003-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். பழைய வேலிகளிலும் மேடைகளிலும் இன்னும் மிச்சம் இருக்கிறது.

மூலைக்கு ஒரு முளைக்கட்டை அடித்து, துருப்பிடிக்காத திருகாணியால் பலகையை இறுக்க வேண்டும். நீளவாக்கில் நடுவிலும் ஒரு முட்டு தேவை. மழையில் ஊறிய மண்ணின் கனம் லேசுப்பட்டதல்ல. முட்டு இல்லாத எட்டடிப் பலகை இரண்டே குளிர்காலத்தில் வயிறு தள்ளிவிடும்.

இனி சொல்லப்போவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பாத்திக்கு அடித்தளம் கூடாது. பிளாஸ்டிக் விரிப்பும் கூடாது. கீழே உள்ள களிமண்ணைக் கடப்பாரையால் ஒரு முழ ஆழத்துக்கு நெம்பித் தளர்த்திவிட்டு, புல் முளைக்காமலிருக்க அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பினால் போதும். அட்டை சில மாதங்களில் மக்கிவிடும். தூர் மேட்டில் வடிகாலோடு இருக்க வேண்டும், வேர் கீழே களிமண்ணுக்குள் போய் ஜூலையில் நீர் தேட வேண்டும். அடியை அடைத்துவிட்டால் பாத்தி பெரிய தொட்டியாகிவிடும். குளிர்காலத்தில் அழுகாமல் காப்பாற்றிய செடியைக் கோடையில் காயவிட்டுச் சாகடித்த கதையாகும்.

நிரப்புவதற்கு இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய உரம். கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் ஹாப்ஸுக்கு உவப்பு. மக்கு உரம் மேலும் மக்கி முதல் ஆண்டில் மண் சில அங்குலம் அமுங்கும். அடுத்த வசந்தத்தில் மண் அணைக்க மறந்தால் தூர் வெளியே தெரியும்.

நடுவது கிழங்கு. விரல் பருமனில், ஒரு சாணுக்குக் குறைவாக நறுக்கிய நிலத்தடித் தண்டு. மார்ச் முதல் மே வரை நடலாம். மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி கிடைமட்டமாக வைத்து, இரண்டங்குல மண் மூடினால் போதும். தூருக்குத் தூர் மூன்றடி இடைவெளி. இரண்டு ரகம் வேண்டுமென்றால் இரண்டு பாத்தியாகப் போடுவதே நல்லது. ஹாப்ஸின் நிலத்தடித் தண்டு ஓடுகிற ஓட்டத்தில் மூன்றாம் ஆண்டு எந்தக் கூம்பு எந்த ரகம் என்று சொல்ல முடியாமல் போகும்.

பண்ணைகளில் கம்பிப் பந்தலின் உயரம் 18 அடி. வீட்டில் 15 அடிக் கம்பம் ஒன்று போதும். அதைப் பாத்தியின் தளர்ந்த மண்ணில் நட்டுவிடாதீர்கள் என்று அனுபவசாலிகள் எல்லோரும் சொல்வார்கள். மழையில் நனைந்த முழுக் கொடியைக் காற்று தள்ளும்போது கம்பத்தைப் பிடித்து நிறுத்த வெளியே உள்ள கெட்டி நிலம் வேண்டும். உச்சியில் ஒரு கப்பி மாட்டி அதன் வழியே கயிறு விட்டால், அறுவடைக்கு ஏணி தேவையில்லை; கொடியைக் கயிறோடு இறக்கிவிடலாம்.

கயிறு தென்னை நார்க் கயிறு! யாக்கிமாவிலும் ஓரிகனிலும் ஹாப்ஸ் பண்ணைகள் இலங்கையிலிருந்து வரும் நார்க் கயிற்றை ஆண்டுதோறும் கட்டுகின்றன. ஹாப்ஸுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டு முழுக்க இருக்கும் கொக்கி மயிர்களால்தான் பற்றி ஏறும். நைலான் கயிறு வழுக்கும். நாரின் சொரசொரப்பு அதற்குப் பிடிமானம். அறுவடை முடிந்ததும் கொடியையும் கயிற்றையும் பிரிக்காமல் அப்படியே மக்கவிடலாம். தென்னை வளரும் கடற்கரையில் யாரோ முறுக்கிய கயிற்றில், தென்னையையே காணாத குளிர்நாட்டுக் கொடி ஏறுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு நிறைகிறது.

வசந்தத்தில் ஒரு தூரில் முப்பது நாற்பது தளிர்கள்கூடக் கிளம்பும். கயிற்றுக்கு இரண்டு மூன்றை மட்டும் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றிவிட்டு மற்றதைக் கவாத்து செய்ய வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் அதுவே அவிழ்ந்துகொள்ளும். வெட்டிய இளந்தளிரை வதக்கிச் சாப்பிடலாம். பெல்ஜியத்தின் போபரிங்க ஊரில் அது விலையுயர்ந்த காய்கறி. கொடி ஆளுயரம் தாண்டியதும் கீழே மூன்றடி வரை இலைகளைக் கழித்துவிட்டால் காற்றோட்டம் கிடைத்து நோய் ஏறாது. கோடையில் சொட்டுநீரும் மூடாக்கும் அவசியம். மேட்டுப்பாத்தி வெறும் தரையைவிடச் சீக்கிரம் காயும். கொக்கி மயிர் தோலைக் கீறித் தடிப்பு உண்டாக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் நாய் இருந்தால் பாத்திக்கு வேலி போட்டே ஆக வேண்டும். ஹாப்ஸ் தின்ற நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும், உயிரே போகலாம்.

முதல் ஆண்டு கைப்பிடிக் கூம்புதான் கிடைக்கும். அந்த ஆண்டு முழுக்கச் செடி வேரைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் கூம்பைக் கையால் பறித்துவிட்டுக் கொடியை உறைபனி வரை அப்படியே விட்டுவைக்க வேண்டும்; இலை தேடிய சத்தெல்லாம் தூருக்கு இறங்க அந்த வாரங்கள் வேண்டும். மூன்றாம் ஆண்டு முதல் ஒரு தூர் அரை கிலோவுக்கு மேல் உலர்ந்த ஹாப்ஸ் தரும். இருபது லிட்டர் பீருக்கு நூறு கிராமுக்குள் போதும்.

ஆகஸ்ட் இறுதியில் கூம்பைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்ப்பார்கள். காகிதம் போலச் சலசலத்து, விட்டதும் பழையபடி எழும்பினால் பறிக்கலாம். பறித்ததில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். ஜன்னல் கொசுவலைச் சட்டங்களை அடுக்கி, நடுவே பரப்பி, மின்விசிறியைக் கீழே வைத்துக் காயவைப்பார்கள். வெப்பம் 60 டிகிரியைத் தாண்டினால் மணம் போய்விடும். கூம்பின் நடுக்காம்பு வளையாமல் டக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. காற்றில்லாத உறையில் போட்டு உறைபெட்டியில் வைக்கலாம். வீட்டு ஹாப்ஸில் ஆல்ஃபா அமிலம் எத்தனை சதவீதம் என்பது சோதனைச்சாலைக்கு அனுப்பினால்தான் தெரியும். ஆகவே விவரமானவர்கள் கசப்புக்கு அளவு குறித்த கடைச் சரக்கைப் போட்டுவிட்டு, வீட்டுச் சரக்கைக் கொதிப்பின் கடைசி நிமிடங்களில் மணத்துக்காகச் சேர்க்கிறார்கள். பறித்த அன்றே ஈரமாகப் போடுவதும் உண்டு. அதற்கு ஐந்தாறு மடங்கு எடை வேண்டும்.

எந்த ரகம் நடலாம்? முதல் பாத்திக்குக் காஸ்கேட் என்பேன். அது ஓரிகனின் சொந்தப் பிள்ளை. கொர்வாலிஸில் அமெரிக்க வேளாண் துறையும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய இனப்பெருக்கத் திட்டத்தில் 1956-இல் எடுத்த விதையிலிருந்து வந்தது, 1972-இல் வெளியிட்டார்கள். அடிச்சாம்பல் நோயை ஓரளவு தாங்கும். பொதுப் பணத்தில் உருவான ரகம் என்பதால் யார் வேண்டுமானாலும் நடலாம், வெட்டிக் கொடுக்கலாம். சிட்ரா, மொசைக் போன்ற புகழ்பெற்ற ரகங்கள் தனியார் உரிமை. அவற்றின் கிழங்கு வீட்டுத் தோட்டக்காரர் கைக்கு வராது.

மூன்றாண்டுக்கு ஒருமுறை பாத்தியின் விளிம்பை ஒட்டி மண்வெட்டியை இறக்கி, ஓடிவந்த தண்டுகளை வெட்டி எடுத்தாக வேண்டும். விட்டால் பலகைக்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டில் தலைநீட்டும். வெட்டியதை ஈரத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து அண்டை அயலாருக்குக் கொடுப்பார்கள். கொடுப்பவர் தூரில் நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும் என்பதால், வெளிறிய தளிர் ஒன்றாவது வந்த தூரிலிருந்து யாருக்கும் வெட்டிக் கொடுக்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள், வைரஸ் சோதனை செய்த தாய்ச்செடிகளிலிருந்து வந்த நாற்றா என்று கேட்டு வாங்குவது நல்லது. அந்தத் தாய்ச்செடிகளை யாக்கிமாவுக்குக் கீழே புராஸர் ஊரில், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் பராமரிக்கிறது.

(தொடரும்)