கெட்ட பேர் வாங்கின தொழிலில் குழுப் பணத்தைப் போடலாமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா, உள்கடன் வசூல், தீர்மானம் என்று ஒரு மணி நேரத்தில் முடிகிற கூட்டம், அன்று இருட்டும் வரை நடந்தது. காரணம், ஊரில் இருக்கிற மிளகாய், மல்லி அரைக்கும் மில். உரிமையாளர் அதை விற்கப் போகிறார். இரண்டு மெஷின், தராசு எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய். புதிதாக வாங்கினால் இரண்டு மடங்கு ஆகும். குழுச் சேமிப்பில் 40,000 எடுத்து, மீதி 50,000-க்கு வங்கிக் கடன் வாங்கலாம் என்று ஊக்குநர் சொன்னார்.

ஆனால் அந்த மில்லுக்கு ஊரில் நல்ல பேர் இல்லை. "பாக்கெட் மிளகாத்தூள்ல செங்கப்பொடி கலக்கறாங்க" என்று இரண்டு வருடமாகப் பேச்சு. பாதி ஊர் பக்கத்து ஊர் மில்லுக்குப் போகிறது.

"அதனாலதானுங்க இவ்வளவு மலிவா வருது, விடக்கூடாது" என்றார்கள் சிலர். "அந்தப் பேரு நம்ம மேலயும் ஒட்டிக்கும்" என்றார்கள் சிலர். ஒரு அக்கா மட்டும் பேசவே இல்லை. கடைசியில், "எங்க வீட்டுல ஈமு கோழியில போட்ட பணம் இன்னும் வரலீங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது.

அந்த அக்கா பயந்தது நியாயம்தான். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கம்பெனிகள் மூடியபோது எத்தனையோ குடும்பங்கள் முன்பணத்தை இழந்தன. லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, குஞ்சு கொடுத்து, மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்னார்கள். ஈமு கறிக்கோ எண்ணெய்க்கோ அந்த அளவுக்குச் சந்தையே இல்லை. புதிதாகச் சேருகிறவர்கள் பணம்தான் பழையவர்களுக்குப் போனது. ஆக, ஒரு தொழிலின் சம்பாத்தியமே பொய்யாக இருந்தால், அதில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒரு ரூபாய்கூடப் போடக்கூடாது. இதில் யோசிக்கவே இடமில்லை.

ஆனால் மில் அப்படி இல்லை. மிளகாய் அரைக்க ஊரில் ஆள் இருக்கிறார்கள். கெட்டது தொழில் அல்ல, பேர். அதனால் அவசரப்படாமல் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடச் சொன்னோம்.

முதல் கேள்வி: பேர் எதனால் கெட்டது?

இதை விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை. மில்லுக்கு வருவதை நிறுத்தியவர்களிடம் கேட்க வேண்டும். உறுப்பினர்கள் 12 வீடுகளுக்குப் போனார்கள். செங்கல் பொடியைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் 7 வீடுகளில் "எடை குறையுது" என்றார்கள். போய்ப் பார்த்தால் தராசுக்கு முத்திரை புதுப்பிக்கவே இல்லை! கடையில் மீதி இருந்த பாக்கெட் தூளைத் தண்ணீர் டம்ளரில் தூவிப் பார்த்தார்கள். செங்கல் பொடி இருந்தால் அடியில் மணல் மாதிரி படியும், செயற்கைச் சாயம் இருந்தால் கோடு கோடாக இறங்கும். இரண்டும் இல்லை. சந்தேகம் தீராவிட்டால் உணவுப் பாதுகாப்புத் துறை மூலம், கட்டணம் கட்டி, ஆய்வகத்தில் பரிசோதிக்கவும் வழி உண்டு.

2015-ல் மேகி நூடுல்ஸில் ஈயம் அதிகம் என்று நாடு முழுக்கத் தடை வந்தது நினைவிருக்கும். நீதிமன்ற உத்தரவுப்படி மூன்று ஆய்வகங்களில் பரிசோதித்து, அளவுக்குள் இருக்கிறது என்று வந்த பிறகுதான், அதே வருடம் நவம்பரில் திரும்பக் கடைக்கு வந்தது. வெறும் வாய்ச்சொல்லால் அந்தப் பேர் திரும்பவில்லை.

இரண்டாவது கேள்வி: மில்லோடு சேர்ந்து வேறு என்ன நம் தலையில் விழும்?

மின் கட்டணம் 11,000 ரூபாய் பாக்கி இருந்தது. அதைக் கட்டாமல் இணைப்பை நம் பெயருக்கு மாற்ற முடியாது. மெஷின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்றும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் குழுவின் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். பழையவர் பதிவு நமக்குச் செல்லாது.

மூன்றாவது கேள்வி: மாறிவிட்டது என்பது ஜனங்கள் கண்ணுக்குத் தெரியுமா?

2003-ல் மகாராஷ்டிராவில் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்ததாகப் புகார் வந்தது. கம்பெனி "நாங்கள் நல்லவர்கள்" என்று மட்டும் சொல்லவில்லை. அடுத்த வருடமே உறையை மாற்றியது. வாங்குகிறவர் கையில் அந்த மாற்றம் தெரிந்தது. நம் மில்லுக்கு என்ன செய்யலாம்? முத்திரை போட்ட தராசை வாசலில் வைப்பது, வரும்போதும் போகும்போதும் அவர்கள் எதிரிலேயே எடை போடுவது, பாக்கெட் வியாபாரத்தை நிறுத்திவிட்டு அவரவர் மிளகாயை மட்டும் அரைப்பது. பெயர்ப் பலகையை மட்டும் மாற்றினால் "பழைய கள்ளு, புது மொந்தை" என்பார்கள்.

நான்காவது கேள்வி: பேர் திரும்பி வரும் வரை தாங்குவோமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். மில்லை வாங்கினால் மாதச் செலவு: கடன் தவணை 2,400, கட்டிட வாடகை 1,500, கரண்ட் 2,500, இருந்து அரைப்பவருக்குக் கூலி நாளுக்கு 300 வீதம் 26 நாளுக்கு 7,800. மொத்தம் 14,200. கிலோவுக்கு 20 ரூபாய் கூலி என்றால் நாளுக்கு 27 கிலோவுக்கு மேல் வர வேண்டும். இப்போது வருவது 15 கிலோ. அதாவது மாதம் 7,800. மாதாமாதம் 6,400 கையை விட்டுப் போகும். ஆறு மாதத்தில் சேமிப்பு காலி!

கணக்கைக் கரும்பலகையில் போட்டதும் "வாங்கிடலாம்" என்றவர்களே யோசித்தார்கள். அப்போது அந்த ஈமு அக்காதான் வழி சொன்னார்: "வாங்க வேண்டாமுங்க. ஆறு மாசம் வாடகைக்குக் கேளுங்க."

உரிமையாளரும் மின் பாக்கியைத் தானே கட்டுவதாகச் சொல்லி, கட்டிடம், மெஷின் சேர்த்து 3,000 வாடகைக்கு ஒத்துக்கொண்டார். அரை நாள் மட்டும் திறப்பதால் கூலி 3,900, கரண்ட் 1,500. மொத்தம் 8,400. பழைய 15 கிலோவே வந்தாலும் நஷ்டம் மாதம் 600, ஆறு மாதத்துக்கு 3,600. போனால் 3,600 போகும், 40,000 போகாது. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அந்த அக்காவும் போட்டார், ஒரு நிபந்தனையோடு: மாதக் கணக்கை மில் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

இரண்டாம் மாதம் நாளுக்கு 19 கிலோ வந்திருக்கிறது. 27 கிலோ தொட்டால்தான் வாங்குவது, இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுப்பது என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சகோதரிகளே, குழுப் பணம் என்பது வாரா வாரம் நாம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. மலிவாக ஏதாவது தொழில் வந்தால் இந்த நான்கு கேள்வியையும் உங்கள் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். முக்கியமாக, "வேண்டாம்" என்று சொல்கிற ஒரு உறுப்பினர் இருந்தால் அவரை அடக்காதீர்கள். அவர் ஏன் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.