ஒதுக்கப்பட்ட மனமும் ஒட்டிக்கொள்ளும் வதந்தியும்

தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் சில நல்ல கேள்விகள், ஒளிப்பதிவு முடிந்து விளக்குகளை அணைத்த பிறகுதான் வரும். அண்மையில் பார்வையாளர் வரிசையில் இருந்த ஓர் அம்மையார் என்னருகே வந்தார்.

“தம்பி, எங்க அண்ணன் இனிப்புநீர் மாத்திரையை நிறுத்திட்டாரு. நோயை அடியோட குணப்படுத்துற மருந்து இருக்காம். கம்பெனிக்காரங்க மறைச்சு வச்சிருக்காங்களாம். வாட்ஸ்அப்பில் வந்துச்சாம். படிச்ச மனுஷன், எப்படித்தான் இதை நம்புறாரு?”

எவ்வளவு நாளாக இப்படி என்று விசாரித்தேன். அண்ணி இறந்து ஈராண்டு ஆகிறது. அண்ணன் பணி ஓய்வும் பெற்றுவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம். தீபாவளி விருந்தில் அவர் இந்த மருந்துக் கதையைச் சொன்னபோது எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவர் வருவதில்லை.

அம்மையார் கேட்ட கேள்விக்கான பதிலில் பாதி, அவர் சொன்ன கதையிலேயே இருந்தது.

ஆய்வு சொல்வது என்ன?

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டமாரிஸ் கிராய்ப்னர், அலின் கோமன் ஆகிய இருவரின் ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. மாணவர்கள் தங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதிக் கொடுத்தனர். அதைப் படித்துப் பார்த்து, உடன் பணியாற்ற யாரைச் சேர்த்துக்கொள்வது என்று மற்றவர்கள் முடிவு செய்வார்கள் எனச் சொல்லப்பட்டது. உண்மையில் அந்த முடிவை ஆய்வாளர்களே குலுக்கல் போலத் தீர்மானித்திருந்தனர். சிலரிடம் “உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்” என்றும், சிலரிடம் “உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை” என்றும் கூறினர்.

பிறகு சில கருத்துகளைக் கொடுத்து, அவற்றை எந்த அளவு நம்புகிறீர்கள் என்று கேட்டனர். மருந்து நிறுவனங்கள் பணத்துக்காகக் குணமளிக்கும் மருந்துகளை மறைக்கின்றன என்பது அவற்றுள் ஒன்று. ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தவர்களே இத்தகைய கருத்துகளைக் கூடுதலாக நம்பினர்.

காரணம் எளிது. நம்மை ஒருவர் ஒதுக்கினால் “ஏன்?” என்ற கேள்வி மனத்தைக் குடைகிறது. விடை கிடைக்காத மனம் எங்கும் அர்த்தத்தைத் தேடுகிறது. தொடர்பில்லாதவற்றையும் முடிச்சுப் போடுகிறது. சதிக்கதை அந்த மனத்துக்கு ஒரு காரணத்தையும் ஓர் எதிரியையும் காட்டுகிறது. அதே கதையை நம்பும் கூட்டத்தையும் சேர்த்துத் தருகிறது. வீட்டார் சிரிக்கச் சிரிக்க, அந்தக் கூட்டமே அவருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

தனித்திருப்போர் எல்லாரும் வதந்தியை நம்புவார்கள் என்று இதற்குப் பொருளில்லை. சந்தேகப்படுவோர் எல்லாரும் ஏமாளிகளும் அல்லர். அமெரிக்காவின் டஸ்கிகீ நகரில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஆடவர்களுக்கு அரசுச் சுகாதாரத் துறையே சிகிச்சை தராமல் நோயின் போக்கைக் கவனித்து வந்தது. மருந்து உண்மையிலேயே மறுக்கப்பட்ட வரலாறும் உண்டு.

நம் ஊரில் நடந்தது

இது கைப்பேசி வந்த பிறகு தோன்றிய பழக்கம் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரின் முதல் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் இருமுறை இடி விழுந்தது. பாதுகாப்பில்லை என்று 1852இல் அதை மூடினார்கள். உடனே, அங்கே தீய ஆவிகள் குடிகொண்டிருப்பதாகவும், அவற்றைச் சாந்தப்படுத்த மனிதத் தலைகள் தேவைப்படுவதாகவும், அதற்காக ஆளுநர் இரவில் கைதிகளை அனுப்புவதாகவும் சீனர்களிடையே 1853இல் வதந்தி பரவியது.

அந்தக் கைதிகள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு, இங்கே சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பியவர்கள். 1861இல் திறக்கப்பட்ட இன்றைய தேவாலயமும் அவர்கள் உழைப்பில் எழுந்ததே. ஆட்சியாளர்களின் மொழியும் வழிபாடும் புரியாமல் விலகி நின்றவர்கள் வதந்தியை நம்பினார்கள். அவர்களைவிடவும் ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் மீது பழி விழுந்தது.

அரசாங்கம் மறுப்பு அறிவிப்பு விடுத்தது. சீன வணிகர்களில் செல்வாக்குமிக்க சியா இயூ சின்னும் தம் மக்களுக்குக் கடிதம் எழுதி விளக்கினார். அந்நியரின் அறிவிப்பைவிட, நம்மில் ஒருவர் சொல்வது சீக்கிரம் காதில் ஏறும்.

நாம் செய்யக்கூடியது

அம்மையாரிடம் நான் சொன்னதும் இதுதான். முதலில் அண்ணனைச் சாப்பிட அழையுங்கள். அன்றைக்கு மாத்திரைப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். மருந்து நிறுவனங்கள் லாபம் பார்ப்பது உண்மைதான் என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை. ஆனால், அதற்காக மாத்திரையை நிறுத்துவதில் லாபம் யாருக்கு என்று அன்பாகக் கேட்கலாம்.

அதே வேளையில் காலம் கடத்தவும் கூடாது. இனிப்புநீர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கண், சிறுநீரகம், கால் எல்லாம் பாதிக்கப்படும். அவர் வழக்கமாகப் பார்த்து வந்த மருத்துவரிடம் அந்த வாரமே நீங்களும் கூடப் போங்கள். “போய்ப் பாருங்கள்” என்பது வேறு, “வாங்கண்ணே, நானும் வர்றேன்” என்பது வேறு.

“அன்னிக்கு நானும் சேர்ந்துதான் சிரிச்சேன் தம்பி” என்றார் அம்மையார், புறப்படும்போது.

வாசகர்களே, உங்கள் குடும்பத்திலும் விருந்துக்கு வராமல் நின்றுபோன ஒருவர் இருக்கலாம். அவர் அனுப்பும் செய்திகளைத் திறந்து பார்க்காமலே அழிப்பவர்களில் நாமும் ஒருவராக இருக்கலாம். இந்த வாரக் கடைசியில் அவரை ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்.