அவர் திரும்பிப் போனது யாருக்காக?

டீ சூடாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரில் தாங்களாகவே முன்வந்து படையில் சேர்ந்த எத்தனையோ இளைஞர்கள், ஓரிரு வருடங்களில் ஏன் அப்படிக் கசந்துபோனார்கள்? ‘உயிர்ப் பயம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பதில் தவறு. வில்ஃப்ரட் ஓவன் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கையைப் பார்த்தால் அது விளங்கும்.

ஓவன் 1893-ல் பிறந்தவர். கவிஞராக வேண்டும் என்பது ஆசை. பிரான்சில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், நாடு திரும்பி 1915 அக்டோபரில் படையில் சேர்ந்தார். 1916 முடியும் தறுவாயில் இளநிலை அதிகாரியாகப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அப்போது வயது 23. போய் இறங்கியதும் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் உற்சாகம் பொங்குகிறது. 1917 ஜனவரி நடுவில் எழுதிய கடிதமோ வேறொருவர் எழுதியதுபோல் இருக்கிறது.

இடையில் என்ன நடந்தது என்று தெரிய, அந்தப் போர் எப்படி நடந்தது என்று தெரியவேண்டும். 1914-ல் பாரிசை நோக்கி வந்த ஜெர்மன் படை மார்ன் ஆற்றங்கரையில் தடுக்கப்பட்டது. அதன்பின் இரு தரப்பும் மண்ணைத் தோண்டிப் பதுங்குகுழிகளில் இறங்கின. பெல்ஜியக் கடற்கரையிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லைவரை ஏறக்குறைய 700 கிலோமீட்டருக்கு இந்தக் குழிகள் நீண்டன. குழிக்குள் இருப்பவருக்கு இயந்திரத் துப்பாக்கியும் முட்கம்பி வேலியும் காவல். வெட்டவெளியில் எழுந்து முன்னேறுகிறவருக்கு எந்தக் காவலும் இல்லை. 1916 ஜூலை 1-ம் தேதி சோம் போர்க்களத்தில் அப்படி முன்னேறிய பிரிட்டிஷ் படையில் அன்று ஒருநாளில் மட்டும் இறந்தவர்கள் 19,240 பேர். காயம்பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 57,000-க்கு மேல்.

இந்த இடத்தில்தான் முதல் விரிசல் விழுகிறது. துணிச்சலும் திறமையும் தன்னைக் காக்கும் என்று நம்பித்தான் ஓர் இளைஞர் போருக்குப் போகிறார். அங்கே பல கிலோமீட்டருக்கு அப்பால், முகம் தெரியாத யாரோ பீரங்கியை இயக்குகிறார். குண்டு வீரரையும் கோழையையும் பிரித்துப் பார்த்து விழுவதில்லை. இடி விழுந்து சாகிறவருக்கு வாள்வீச்சு தெரிந்து என்ன பயன்? தாக்குதல் இல்லாத நாட்களிலோ சேறு, பேன், எலி, ஓயாத ஈரம். நாள்கணக்கில் தண்ணீரில் நின்று கால் மரத்து அழுகும். போர் என்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான்.

1917 ஜனவரியில், இரு தரப்புக் குழிகளுக்கும் நடுவே இருந்த ஒரு நிலவறையை ஓவனும் இருபத்தைந்து பேரும் காக்க வேண்டியிருந்தது. உள்ளே முழங்காலளவு தண்ணீர். மேலே ஐம்பது மணி நேரம் குண்டுமழை. காவலுக்கு அவர் நிறுத்திய ஒரு வீரர் வெடிப்பில் தூக்கியெறியப்பட்டுப் பார்வையிழந்தார். அந்தக் கண்கள் பிறகு ஓவனின் கனவுகளில் வந்துகொண்டே இருந்தன. ஏப்ரலில் குண்டுவெடிப்பு ஒன்று அவரையே தூக்கியெறிந்தது. சிதைந்த சக அதிகாரியின் உடலுக்கு அருகே நாட்களைக் கழித்தார். கைநடுக்கம் கண்டது. எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே சீக்ஃப்ரிட் சசூன் என்ற இன்னோர் அதிகாரி வந்து சேர்ந்தார். துணிச்சலுக்காகப் பதக்கம் பெற்றவர். தற்காப்புக்காகத் தொடங்கிய போர் நாடுபிடிக்கும் போராகிவிட்டது என்றும், முடிக்க முடிந்தவர்களே அதை நீட்டிக்கிறார்கள் என்றும் 1917 ஜூலையில் அறிக்கை விட்டவர். அது நாடாளுமன்றத்திலும் வாசிக்கப்பட்டது. அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தாமல், மனம் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லி மருத்துவமனையில் வைத்தார்கள்.

இரண்டாவது விரிசல் இதுதான், முதலாவதைவிட ஆழமானது. துன்பத்தைத் தாங்கிக்கொண்டவர்களால், அந்தத் துன்பத்தைப் பற்றி ஊரில் சொல்லப்பட்ட பொய்யைத் தாங்க முடியவில்லை. பத்திரிகைகள் வெற்றி என்று எழுதின. வீரர்களின் கடிதங்கள் தணிக்கையாகின. விஷவாயுவில் ஒருவர் மூச்சுத் திணறிச் சாவதைப் பற்றி ஓவன் மருத்துவமனையில் எழுதிய கவிதையில் ஜெர்மானியர்மேல் ஒரு சொல் கோபம் இல்லை. போரின் மகிமையைப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் பெரியவர்கள்மேல்தான் கோபமெல்லாம்.

இப்படிக் கசந்த இருவரும் 1918-ல் போர்முனைக்குத் திரும்பிப் போனார்கள் என்பதைத்தான் ‘பயம்’ என்று சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஏன் வந்தேன் என்று ஓவன் அம்மாவுக்கு எழுதினார்: இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல அதிகாரியாக இருக்க வேண்டும், இவர்கள் படும் பாட்டை இவர்களுக்காக எடுத்துச் சொல்ல வேண்டும். கொடியின்மேலும் மேடைப்பேச்சின்மேலும் இருந்த நம்பிக்கை போய்விட்டது. பக்கத்தில் நிற்பவர்மேல் இருந்த பாசம் போகவில்லை.

1918 நவம்பர் 4, பிரான்சின் ஓர்ஸ் கிராமத்தருகே கால்வாயைக் கடக்கும் முயற்சியில் ஓவன் கொல்லப்பட்டார். வயது 25. ஏழே நாளில் போர் முடிந்தது. மகன் இறந்த தந்தி, போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்ட அதே நாளில் பெற்றோர் கைக்கு வந்தது.

போரில் மனம் கசந்து திரும்புகிறவரைக் கோழை என்று சொல்லிவிடாதீர்கள். பொய்யை முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். அடுத்த முறை யாராவது மேடையேறிப் போருக்கு அழைத்தால், கைதட்டுவதற்கு முன்னால் அங்கே போய்த் திரும்பிய ஒருவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.