மேலே பறப்பது யாரு?

போன வருஷம் பத்து பெரெண்டாமில் ஒரு கல்யாண வரவேற்பு. மைக் பிடித்தது நான். மண்டபத்துக்கு வெளியே, படம் எடுக்க வந்த தம்பி தன் டிரோனை ஏற்றிக்கொண்டிருந்தான். "அக்கா, இன்னும் கொஞ்சம் ஏத்தினா ஏர்போர்ட் ஓடுபாதையே தெரியும், பாக்குறீங்களா?" என்று திரையைக் காட்டினான். அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சின்னப் பயிற்சி விமானம் தாழ்வாக, எங்கள் தலைக்கு மேலே போனது. தம்பியின் முகம் வெளிறிவிட்டது. டிரோனை இறக்கிவிட்டுத்தான் மறுபடி பேசினான். "அவங்களுக்கு நான் இருக்கிறதே தெரியாதுல்லக்கா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

மலாக்காவாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்து பெரெண்டாமில் பயணிகள் விமானத்தைவிடப் பயிற்சி விமானங்களின் சத்தம்தான் அதிகம். பறக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கி ஏறுவார்கள். நம் நாட்டு விதிப்படி டிரோன் 400 அடிக்கு மேல், அதாவது சுமார் 120 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதற்குக் கீழே பறந்தாலும் விமான நிலைய வட்டாரத்துக்குள் என்றால் மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிமுறைகளில் இது தெளிவாகவே இருக்கிறது. காரணம் எளிது: தரையிறங்க வரும் விமானமும் கடைசியில் அந்த 400 அடிக்குள் வந்துதானே ஆகவேண்டும்?

ஆனால் அனுமதிச் சீட்டு, ஒருவர் பறக்கவிடப் போகிறார் என்பதை மட்டும்தான் சொல்லும். இந்த நொடி அந்த டிரோன் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது.

பெரிய விமானத்தின் கதை வேறு. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ரேடார் "யார் நீ?" என்று கேட்டால், விமானத்தில் உள்ள கருவி தன் அடையாளத்தையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும். இப்போதைய விமானங்கள் பல, கேட்காமலேயே தாம் இருக்கும் இடத்தை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்குச் சுமார் இரண்டு முறை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசிச் செயலியில் விமானங்கள் நகர்வதைப் பார்க்கிறோமே, அதற்கு மூலம் இதுதான்.

அதே கருவியை டிரோனிலும் மாட்டிவிட்டால் என்ன? வானொலிக்காரி என்பதால் இதற்குப் பதில் எனக்குச் சட்டென்று புரிந்தது. நேரலையில் ஒரே சமயத்தில் இருபது நேயர்கள் பேசினால் ஒருவர் குரலும் கேட்காது. ஆயிரக்கணக்கான டிரோன்கள் ஒரே அலைவரிசையில் கத்தினால் உண்மையான விமானத்தின் குரல் அமுங்கிவிடும். அதனால்தான் அமெரிக்காவில் சிறிய டிரோன்கள் பொதுவாக அந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பதிலாக வந்தது தொலைநிலை அடையாளம். டிரோன் தன் எண், இடம், உயரம், கூடவே இயக்குபவர் நிற்கும் இடம் ஆகியவற்றை வைஃபை அல்லது புளூடூத் வழியாகச் சுற்றுவட்டாரத்துக்குச் சொல்லிக்கொண்டே பறக்கும். காரின் நம்பர் பிளேட் மாதிரி. நம் பக்கத்து வீடான சிங்கப்பூர், 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2020 ஜனவரியில் ஆரம்பித்து, 2025 டிசம்பர் முதல் இந்த அடையாள ஒலிபரப்பையும் கட்டாயமாக்கியது.

சிங்கப்பூர் சும்மா அவசரப்படவில்லை. 2019 ஜூனில் சாங்கி விமான நிலையம் அருகே டிரோன்கள் தென்பட்டதால் ஒரே இரவில் 37 விமானங்கள் தாமதமாயின. அதற்கு ஆறு மாதம் முன்பு, கிறிஸ்மஸ் நேரத்தில், லண்டன் கேட்விக்கில் சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டு, 140,000 பயணிகள் தவித்தார்கள். அங்கே சம்பந்தமே இல்லாத ஒரு தம்பதியைப் போலீசார் பிடித்து, பிறகு விடுவித்து, நஷ்டஈடும் கொடுத்தார்கள். பறக்கவிட்டவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அடையாளம் இல்லாத வானத்தில் அப்பாவிகள்கூட மாட்டிக்கொள்வார்கள்.

தாமதம் பரவாயில்லை என்று விடலாம். மோதினால்? 2017 அக்டோபரில் கனடாவின் கியூபெக் நகரில், எட்டுப் பேருடன் இறங்க வந்த சிறிய விமானத்தின் இறக்கையில் டிரோன் ஒன்று மோதியது. பத்திரமாக இறங்கினார்கள். உயரம் சுமார் 1,500 அடி!

அடையாளம் சொல்ல மறுக்கும் டிரோனைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ரேடாருக்கு அதுவும் ஒரு பறவைதான். சுழலும் விசிறிகள் உண்டாக்கும் நுண்ணிய அதிர்வை வைத்துப் பிரித்துப் பார்க்கிறார்கள். இன்னொரு வழி ஒட்டுக்கேட்பது: டிரோனுக்கும் ரிமோட்டுக்கும் நடுவே ஓடும் அலையைப் பல இடங்களில் பிடித்து, இரண்டு முனைகளையும் கணக்கிடுவது. கேமராவும் ஒலிவாங்கியும் துணைக்கு வரும். எதுவும் தனியாகப் போதாது.

இந்தியா 2021இல் டிரோன் விதிகளைக் கொண்டுவந்து, வரைபடத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தது. பச்சையில் 400 அடி வரை அனுமதி தேவையில்லை. (தல ரசிகர்களுக்கு ஓர் உபரித் தகவல்: அஜித் ஆலோசகராக இருந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் தக்‌ஷா அணி, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ டிரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது.) அடுத்த கட்டமாக உலகம் பேசுவது, டிரோன்களுக்கென்று தனிப் போக்குவரத்து முறை. கட்டுப்பாட்டு அதிகாரி ஒவ்வொரு டிரோனோடும் பேசமாட்டார். கணினிகளே பயணத் திட்டங்களைப் பரிமாறி, வழி ஒதுக்கும்.

இதெல்லாம் நகரத்துச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். ஜாசின், அலோர் காஜா பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கும் மருந்தடிக்கும் டிரோனுக்கும் ரொம்பவே பொருத்தம் உண்டு. என் பாட்டி ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முதுகில் பம்ப் சுமந்து மருந்தடித்தவர். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது; தலைத்துண்டை மூக்கோடு சுற்றிக்கொள்வார், அவ்வளவுதான். ராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வேலையை இயந்திரம் செய்தால் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் தொட்டி நிறைந்த விவசாய டிரோன் கல்யாண டிரோன் மாதிரி லேசானது அல்ல. 20 கிலோவைத் தாண்டினால் தனி அனுமதி. அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கண் வானத்துக்கு அவசியம் வேண்டும்.

மாசி மகத்தன்று செங் சந்நியாசிமலைக்குத் தேர் வருவதை மேலிருந்து ஒரு படம் எடுக்க ஆசைப்படாத படக்காரர் யார்? அங்கிருந்து விமான நிலையம் கார் ஏறினால் சில நிமிடம்தான்.

போன மாதம் அந்தத் தம்பி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தான். டிரோன் இயக்கும் சான்றிதழுக்குப் படிக்கிறானாம். கல்யாண ஆர்டர் வந்தால் இப்போது மண்டபம் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறானாம். "பத்து பெரெண்டாம்னா, மேலேர்ந்து படம் வேணும்னா பேப்பர் போட்டுத்தான் செய்யணும், ரெண்டு வாரம் முன்னாடி சொல்லுங்கன்னு சொல்லிடுறேன்கா. சில பேரு வேற ஆளப் பாத்துக்கிறாங்க."