நிற்க மறுக்கும் வண்டி

பழைய வண்டி ஒன்றை வாங்கப் போகும்போது நம்மவர் முதலிற் கேட்பது, “எஞ்சின் எப்படி?” என்பதே. அடுத்து, “லீற்றருக்கு எவ்வளவு தூரம் ஓடும்?” என்பர். “பிறேக் எப்படி?” என்று கேட்போர் மிகச் சிலரே. ஓடாத வண்டியால் வரும் நட்டம் பணத்தோடு போய்விடும். நில்லாத வண்டியால் வரும் நட்டமோ அத்தகையதன்று. நுவரெலியாவில் மரக்கறி ஏற்றி றம்பொடைச் சரிவில் இறங்கும் பழைய பிக்கப்பில் மூடைகளோடு மனைவி மக்களும் அமர்ந்திருத்தல் உண்டு. ஆதலின் இது சாரதி மட்டும் அறிந்திருக்க வேண்டிய விடயமன்று.

மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிறேக் ஒயில் அந்த அமுக்கத்தைக் குழாய் வழியே சில்லுகளுக்குக் கொண்டு செல்கின்றது. மாணவர்கள் பாடத்திலே படிக்கும் பாஸ்கலின் விதியே இதற்கு அடிப்படை. சில்லிலே உராய்வு உண்டாகி, வண்டியின் ஓட்டம் வெப்பமாக மாறுகின்றது. வேகம் இருமடங்கானால், வண்டியை நிறுத்துகையில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும்.

இங்கேதான் முதல் ஆபத்து. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டொட் 3’ என்னும் வகையில் புதிய ஒயிலின் கொதிநிலை 205 பாகை செல்சியசுக்குக் குறைதல் கூடாது என்பது நியமம். 3.7 வீதம் நீர் சேர்ந்த ஒயிலுக்கோ அந்த எல்லை 140 பாகையே. நெடுஞ்சரிவில் இடைவிடாது பிறேக்கை மிதித்து இறங்கினால் பழைய ஒயில் கொதித்து ஆவியாகலாம். திரவம் போலன்றி ஆவி நசுங்கிவிடும். மிதி அடித்தட்டுவரை செல்லும், வண்டியோ நில்லாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒயிலை முற்றாக மாற்றுவோர் இவ்வாபத்திலிருந்து பெரிதும் தப்புவர்.

பிறேக் திடீரெனக் கைவிடுவது அரிது. பெரும்பாலும் முன்கூட்டியே அது எச்சரிக்கின்றது. மிதி பஞ்சுபோல் அமிழுமாயின் குழாயிற் காற்று புகுந்திருக்கக்கூடும். மிதித்தபடி இருக்கையில் அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால், எங்கோ ஒயில் கசிகின்றது. அல்லது மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் தேய்ந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சில்லின் சிலிண்டர் இறுகியிருக்கலாம். லைனரில் ஒயில் பட்டிருக்கலாம். ஒரு சில்லு மட்டும் மிகச் சூடாயின் அங்கே பிறேக் விடுபடவில்லை என்பது பொருள். இரும்போடு இரும்பு உரசும் ஒலி கேட்டால் லைனர் தீர்ந்துவிட்டது என அறிக.

பிக்கப்பிற்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. சுமை ஏற்றியபோது பின்சில்லுகளுக்கு வலுவான பிறேக் வேண்டும். வெறுமையாக ஓடும்போது அதே வலு அவற்றை இறுக்கிப் பூட்டிவிடும். மழையில் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் வழுக்குவதற்கு இதுவே காரணமாகலாம். இதனைச் சீர்செய்ய, சுமைக்கேற்ப ஒயில் அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பல பிக்கப்புகளின் பின்அச்சருகே உண்டு. அது துருப்பிடித்து இறுகினாலும், அதிக பாரம் ஏற்றுவதற்காகப் பின்வில்லுகளை உயர்த்தினாலும் அதன் கணக்குத் தவறிவிடும். வில்லை மாற்றுவோர் வால்வையும் திருத்தியமைத்தல் அவசியம்.

மொறிஸ் மைனர் பிக்கப் வைத்திருப்போர் இன்னுங் கூடிய கவனம் கொள்ள வேண்டும். அதன் நான்கு சில்லுகளுக்கும் ஒயில் வழி ஒன்றே. ஓரிடத்திற் கசிந்தால் நான்கும் பயனற்றுப் போகும். மாஸ்டர் சிலிண்டரோ சாரதியின் காலடித் தட்டின் கீழ் மறைந்திருப்பதால், ஒயில் குறைவதைப் பார்க்கப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

எரிபொருளை மிச்சம்பிடிக்க எண்ணிச் சரிவிலே எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிடுவோரும் உளர். சில சதங்களுக்காக உயிரைப் பணயம் வைக்கும் செயல் இது. பிறேக்கிற்குத் துணைபுரியும் வெற்றிட அமைப்பு எஞ்சின் ஓடினாலன்றித் தொடர்ந்து இயங்காது. சில தடவை மிதித்தபின் மிதி கல்லாகிவிடும். ஏறுவதற்குத் தேவைப்படும் குறைந்த கியரிலேயே இறங்குவதுதான் நல்ல சாரதியின் வழக்கம்.

வீட்டிலே திருத்துவோர்க்கு இரண்டு சொற்கள். பிறேக் ஒயில் குறைந்தால் எஞ்சின் ஒயிலை ஊற்றற்க. இறப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. அதை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பிள்ளைகளை அருகில் விடலாகாது.

பயணம் புறப்படுமுன் மிதியை உறுதியாக அழுத்தி அரை நிமிடம் வைத்திருந்து பாருங்கள். அது நின்ற இடத்தில் நில்லாமல் கீழே நழுவுமாயின், அன்று அவ்வண்டி முற்றத்தை விட்டு வெளிக்கிடலாகாது.